கண்ணாடிக்கேற்ற அலமாரி

2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாட்களை நம் மாவட்டத்து வியாபாரிகள் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி நகரில் தண்ணீர் வடியப் பல நாட்கள் ஆயின. கிட்டங்கியில் நனைந்த சரக்கைப் பற்றி நம் சங்கத்தில் நிறையவே பேசினோம். வீட்டுக்குள் போனதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அதில் ஒரு சிறு பகுதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பொருள் சிறியது, அலமாரித் தட்டு. ஆனால் அதில் நாங்கள் கற்ற பாடம் கடைக்கும் பொருந்தும் என்பதால் எழுதுகிறோம்.

தண்ணீர் வடிந்ததும் வீட்டில் முதலில் விழுந்தவை பார்ட்டிகிள் போர்டு தட்டுகள். உளுந்து ஊறினாற்போல் உப்பிப் போய், தொட்டால் பிட்டுப்போல் உதிர்ந்தன. பிளைவுட் தட்டுகள் ஏடு ஏடாகப் பிரிந்தன. மூழ்கியும் கெடாமல் நின்றவை இரண்டுதான்: சமையலறையில் இருந்த கடப்பாக் கல் தட்டு, முன்னறைப் பெட்டியில் இருந்த ஒரே ஒரு கண்ணாடித் தட்டு. கழுவித் துடைத்தோம், பழையபடி ஆகிவிட்டன. "இனி வீட்டில் கண்ணாடித் தட்டுதான்" என்று அன்றே முடிவு செய்தோம்.

முடிவு சரி. வாங்கிய விதம்தான் தவறு.

ஆடி வெள்ளிக்கிழமை

முதலில் பூஜை அறை. சுவரில் இரண்டு இரும்புத் தாங்கிகள் அடித்து, 5 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடியை வெட்டி வாங்கி வைத்தோம். அளவைக் கேட்டோம், விலையைக் கேட்டோம், எடுத்து வந்தோம். எந்த வகைக் கண்ணாடி என்று நாங்கள் கேட்கவில்லை.

ஏழு மாதம் ஒன்றும் ஆகவில்லை. 2024 ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில், கற்பூரத் தட்டை எரியும்போதே கண்ணாடிமேல் வைத்தார்கள். சில நிமிடங்களில் 'டக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி குறுக்கே விரிந்து, ஒரு பாதி கீழே வந்தது. கீழே இரண்டு வயதுப் பேரன் உட்கார்ந்திருந்தான். ஒரு சாண் நீளத்தில், அரிவாள் நுனி போன்ற ஒரு துண்டு அவன் காலுக்கு நாலு விரற்கடை தள்ளித் தரையில் விழுந்து உடைந்தது. அவன் சிரித்தான். எங்களுக்குக் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று.

அன்று இரவு வீட்டில் சொன்ன வார்த்தை இதுதான்: "என்னங்க, மிளகா வத்தல்ல கல்லு கிடக்கான்னு பத்து தடவை கிண்டிப் பாக்கீங்க. புள்ள தலைக்கு மேல வைக்கிற சாமானைப் பத்தி ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா?"

நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரத்தில் இருக்கிறோம். சரக்கின் தரம் பார்த்துத்தான் பிழைப்பு. பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு விசாரித்தபோது காரணம் தெரிந்தது. சாதாரணக் கண்ணாடியில் ஓரிடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் சுமார் 40 டிகிரி வெப்ப வேறுபாடு வந்தாலே விரிசல் விடக்கூடும். பதப்படுத்திய கண்ணாடி, அதாவது கடைக்காரர்கள் 'டஃபன்ட்' என்று சொல்வது, சுமார் 200 டிகிரி வேறுபாட்டைத் தாங்கும். அடி தாங்கும் பலமும் அதற்கு நாலைந்து மடங்கு அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாக, உடைந்தாலும் அது கத்தி போல் உடையாது. சிறு சிறு மணிகளாக உதிர்ந்துவிடும். கீறல் படலாம், ஆழமாக வெட்டாது. வீட்டில் தலைக்கு மேலே வைக்கும் தட்டுக்கு இதுதான் தகுந்தது என்று தெளிவாயிற்று.

கதவுக் கண்ணாடிக் கதை

ஆறு தட்டுகள் வேண்டும். ஊரில் மூன்று கடைகளில் விலை கேட்டோம். சாதாரணக் கண்ணாடியின் விலையைவிட மிக அதிகம். ஒரு கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "அண்ணாச்சி, இது இங்க வெட்டித் தர்ற சரக்கு இல்ல. நீங்க குடுக்கிற அளவுக்கு ஆலையில வெட்டி, ஓரம் பாலிஷ் போட்டு, துளை வேணும்னா துளையும் போட்டு, அதுக்கப்புறம்தான் சூளைக்குப் போகும். வந்த பிறகு கால் அங்குலம்கூடக் குறைக்க முடியாது. அளவு தப்பினா தப்பினதுதான்."

அவர் விற்பனைக்காகப் பேசுகிறார் என்று எண்ணினோம். வியாபாரிக்கு வியாபாரி சொல்வதை நம்பாத குணம் நமக்கு உண்டல்லவா!

அந்த வாரமே, மூடிவிட்ட ஒரு ஷோரூமின் கதவுக் கண்ணாடி பழைய விலைக்கு வந்தது. 7 அடிக்கு 3 அடி, 12 மில்லிமீட்டர் கனம். எடை 60 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நாலு பேர் தூக்கி வந்தோம். குறுக்கே அறுத்தால் ஆறு தட்டுகள் என்று மனக்கணக்குப் போட்டோம். முதலில் பார்த்த கண்ணாடி வெட்டுகிறவர் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். நாங்கள் விடவில்லை. வேறொருவரை வற்புறுத்தி வெட்டச் சொன்னோம். கட்டரால் கோடு இழுத்துவிட்டு ஓரத்தில் தட்டினார். அவ்வளவுதான். வெடி போட்டாற்போல் ஒரு சத்தம். கதவு முழுவதும் கல்லுப்பாக மாறித் தரையில் குவிந்தது. உப்பளத்து அம்பாரத்தைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு வேறு உவமை தேவையில்லை. நல்லவேளை, அவர் கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. தவறு அவருடையதல்ல, முழுக்க எங்களுடையது. கூலியைக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டுக்கொண்டோம்.

ஏன் வெட்ட முடியாது?

சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, உடனே இருபுறமும் வேகமாகக் காற்றடித்துக் குளிரவைப்பதுதான் பதப்படுத்தும் முறை. மேற்பரப்பு முதலில் குளிர்ந்து இறுகிவிடும். உள்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிய மேற்பரப்பை உள்நோக்கி இழுக்கும். ஆகவே மேல்தோல் எப்போதும் அழுத்தத்திலும், உள்பகுதி எப்போதும் இழுவிசையிலும் இருக்கும். வெளியிலிருந்து விழும் அடி முதலில் இந்த அழுத்தத்தை வென்றாக வேண்டும். பலத்தின் ரகசியம் இதுதான். ஆனால் தோலைத் தாண்டி உள்ளே ஒரு கீறல் போய்விட்டால், கட்டிவைத்த இழுவிசை முழுவதும் ஒரே நொடியில் அவிழும்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. 1660-களில் ரூபர்ட் இளவரசர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த கண்ணாடித் துளிகளை ராயல் சொசைட்டியார் ஆராய்ந்தார்கள். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டுச் செய்தவை அவை. துளியின் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலை லேசாக ஒடித்தால் முழுவதும் பொடியாகும். 1874-ல் பிரான்சைச் சேர்ந்த டி லா பாஸ்டி, சூடான கண்ணாடியை எண்ணெயில் தோய்த்துப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் கதவு, அந்தத் துளியின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் கடற்கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். முத்து வியாபாரத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முத்துக்கும் மதிப்பு மேல்தோலில். துளையிடும் வரை யோசிக்கலாம், தவறாகத் துளையிட்ட பிறகு யோசித்துப் பயனில்லை.

மலிவு எங்கே இருக்கிறது?

கதவை இழந்த பிறகுதான் எங்களுக்குப் புத்தி வேறு வழியில் ஓடியது. பதப்படுத்திய கண்ணாடியை யாராலும் மறுபடி வெட்ட முடியாது என்றால், அளவு தவறிச் செய்யப்பட்ட துண்டுகள் என்ன ஆகின்றன? ஆர்டர் கொடுத்தவர் வாங்காமல் போனவை எங்கே கிடக்கின்றன? அதே கடைக்காரரிடம் திரும்பிப் போய்க் கேட்டோம். சிரித்துக்கொண்டே பின்கட்டுக்கு அழைத்துப் போனார். சுவரோரம் சாத்திய துண்டுகள் வரிசையாக இருந்தன. "இதுக்கு ஏத்த மாதிரி ஆள் வரணும் அண்ணாச்சி. வந்தா வந்த விலைக்குக் குடுத்திருவோம்" என்றார்.

நாம் நினைத்துக்கொண்டிருந்தது தலைகீழ். அலமாரியைச் செய்துவிட்டு அதற்கேற்ற கண்ணாடியைத் தேடினால் விலை அதிகம். கிடைக்கிற கண்ணாடியை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ற அலமாரியைச் செய்தால் விலை குறைவு. மரத்தை ஆசாரி எந்த அளவுக்கும் இழைப்பார். கண்ணாடியை யாரும் இழைக்க முடியாது. வளையக்கூடியதை வளைப்பதுதான் சிக்கனம்.

அங்கிருந்து, 3 அடிக்கு 1 அடி அளவில், 8 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு துண்டுகள் வாங்கினோம். மீதி நாலும் கிடைத்தது காயலான் கடையில். அந்தப் பெயரே நம் காயல்பட்டினத்தாரிடமிருந்து வந்ததென்பார்கள். பழைய குளிர்சாதனப் பெட்டிகளின் உள்ளே இருக்கும் கண்ணாடித் தட்டுகளில் பெரும்பாலானவை பதப்படுத்தியவை. பாத்திரங்களின் எடையைத் தாங்கவே செய்தவை. ஒரே மாடல் பெட்டிகள் இரண்டைப் பார்த்து, ஒரே அளவில் நாலு தட்டுகளை எடுத்தோம். மூலையில் முத்திரை இருக்கிறதா, ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இந்தக் கண்ணாடியின் பலவீனம் ஓரத்திலும் மூலையிலும்தான் இருக்கிறது. ஓரம் பெயர்ந்ததை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

புதிதாகவே வாங்க வேண்டியிருந்தால்

எல்லோருக்கும் பொருத்தமான துண்டு கிடைக்காது. ஆலையில் செய்து வாங்குவோர் கவனிக்க வேண்டியவை இவை.

முதலாவது, அளவைச் சதுர அடிக் கணக்கில் எப்படி உயர்த்திப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். 6 அங்குலம் வீதம் மேலே உயர்த்திக் கணக்கிடும் இடத்தில், 32 அங்குலத்துக்கு 11 அங்குலத் தட்டு 3 அடிக்கு 1 அடியாகிவிடும். உண்மையான பரப்பு சுமார் 2.44 சதுர அடி, பில்லில் 3 சதுர அடி. ஆறு தட்டுக்குச் சுமார் மூன்றேகால் சதுர அடிக்கு வீணாகப் பணம் கொடுக்கிறோம். அலமாரியின் அளவைச் சற்று மாற்றி, பணம் கொடுக்கிற அளவு முழுவதையும் பெற்றுக்கொள்வதே மேல். ஓரப் பாலிஷ், துளை, ஏற்றுக்கூலி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்த விலையா என்பதையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, சுவர்கள் சதுரமாக இருப்பதில்லை. உள்ளளவை முன்பக்கம், நடு, பின்பக்கம் என மூன்று இடங்களில் எடுத்து, மிகக் குறைந்த அளவிலிருந்து பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் கழித்துக் கொடுங்கள். கண்ணாடி சுவரை நேராகத் தொடக் கூடாது.

மூன்றாவது, கனம். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். பதப்படுத்தினால் பலம் கூடும், விறைப்பு கூடாது. 3 அடி இடைவெளியில், 1 அடி அகலத்தில், 20 கிலோ பாரத்தைப் பரப்பி வைத்தால், 5 மில்லிமீட்டர் கண்ணாடி கணக்குப்படி நடுவில் சுமார் 1 சென்டிமீட்டர் தொய்யும். 8 மில்லிமீட்டர் அதில் நாலில் ஒரு பங்குதான் தொய்யும். நடுவில் இன்னொரு தாங்கி கொடுக்க இடம் இருந்தால், மெல்லிய கண்ணாடியே போதும். ஒரு தாங்கியின் விலை, கனத்தைக் கூட்டுவதைவிடக் குறைவு.

நாலாவது, சேர்ந்து வாங்குங்கள். ஒரே கனத்தில் அக்கம்பக்கத்து நாலு வீட்டுத் தட்டுகளைச் சேர்த்து ஒரே ஆர்டராகக் கொடுத்தால் வண்டி வாடகை பிரிந்துவிடும், விலையிலும் பேச இடமிருக்கும். மொத்த வியாபாரிகளுக்கு இதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

முத்திரையைப் பாருங்கள்

பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 2553. இவ்வகைக் கண்ணாடிக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக்கட்டுப்பாட்டு ஆணையை 2020-ல் மத்திய அரசு பிறப்பித்தது. முத்திரை கண்ணாடியிலேயே பதிந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் வராது. ஒட்டிய காகிதச் சீட்டு முத்திரை ஆகாது. இன்னொரு சோதனையும் உண்டு. வண்டி ஓட்டுவோர் அணியும் போலராய்டு கறுப்புக் கண்ணாடி வழியாகப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பதப்படுத்திய கண்ணாடியில் மங்கலான புள்ளிகளோ பட்டைகளோ தெரியும். சுத்தியலால் தட்டிப் பார்க்கும் வீரம் மட்டும் வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பதப்படுத்திய கண்ணாடியும் மிக அரிதாக, கண்ணாடிக்குள் தங்கிவிட்ட நிக்கல் சல்பைடு துகளால், தானாகவே உடைவதுண்டு. ஆகவே தொட்டிலுக்கும் படுக்கைக்கும் நேர் மேலே எந்தக் கண்ணாடித் தட்டும் வேண்டாம்.

உப்புக் காற்றும் தாங்கியும்

நம் ஊரில் கண்ணாடியைவிடத் தாங்கிதான் முதலில் கெடும். உப்புக் காற்றில் சாதாரண இரும்பு ஆணி துருவேறி உப்பும், சுவரைப் பெயர்க்கும். துருப்பிடிக்காத எஃகிலும் 304 என்ற வகையில் கடற்கரையோரம் பழுப்புக் கறை ஏறும். 316 வகை விலை கூடினாலும் நிலைக்கும். கண்ணாடி உலோகத்தை நேராகத் தொடாதபடி ரப்பர் அல்லது நைலான் வில்லை இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மரச் சட்டத்தில் பள்ளம் எடுத்து, ரப்பர் வைத்து, அதில் கண்ணாடியை இறக்கிவிட்டோம். துளையே தேவைப்படவில்லை, அந்தச் செலவும் மிச்சம்.

எல்லா இடத்துக்கும் கண்ணாடி வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே எங்கள் பதில். எண்ணெய் டின், அரிசி, வெல்லம், உரல் போன்ற பாரத்துக்குக் கடப்பாக் கல்தான். விலையும் குறைவு, வெள்ளத்துக்கும் அஞ்சாது. பார்வைக்கு வைக்கும் இடம், பூஜை அறை, முன்னறை ஆகியவற்றுக்கு மட்டும் கண்ணாடி. பூஜைத் தட்டிலும் இப்போது கற்பூரத்தைக் கண்ணாடிமேல் நேராக வைப்பதில்லை, அடியில் ஒரு மரப்பலகை போட்டிருக்கிறோம்.

மொத்தக் கணக்கு

கணக்கை மறைப்பது வியாபாரிக்கு அழகல்ல. உடைந்த கதவின் விலையை விட்டுவிட்டால், ஆறு தட்டுகளுக்கும் ஆன செலவு முதலில் கேட்ட புதுக் கண்ணாடியின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கதவையும் கூலியையும் சேர்த்தால் பாதிக்கு மேல் போய்விட்டது. அந்த வித்தியாசம், ஒரு கடைக்காரர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்காததற்கு நாங்கள் கட்டிய அபராதம்.

இப்போது நம் கடைகளைப் பார்ப்போம். மிட்டாய்ப் பாட்டிலை எட்டிப் பார்க்கப் பிள்ளைகள் முழங்கையை ஊன்றிச் சாய்கிற கல்லாப் பெட்டிக் கண்ணாடி என்ன வகை? பிஸ்கட் அடுக்கிய தட்டு என்ன வகை? மூலையில் முத்திரை இருக்கிறதா? நாங்கள் எங்கள் கடையில் பார்த்தபோது கல்லாமேல் இருந்தது சாதாரணக் கண்ணாடி. பல ஆண்டுகளாக அப்படியே இருந்திருக்கிறது. அதன் அளவையும் எடுத்துக்கொண்டு மறுபடி அதே பின்கட்டுக்குப் போனோம். அந்த அளவுக்குத் துண்டு இல்லை. ஆனால் மூன்று அங்குலம் நீளமான ஒன்று இருந்தது. வாங்கி வந்து, ஆசாரியைக் கூப்பிட்டுக் கல்லாவை மூன்று அங்குலம் நீட்டச் சொல்லிவிட்டோம்.

உறுப்பினர்கள் இன்று கடை அடைக்கும் முன் ஒரு நிமிடம் தங்கள் கல்லாக் கண்ணாடியின் நாலு மூலையையும் பார்த்துவிட்டுப் போக வேண்டுகிறோம்.